பேறுகாலத்தில் எந்த வீடு?

ஜூன் 10, 2024

முன்னறையை ஒழித்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். சுபிதாவுக்கு ஆறாம் மாதம். சென்னையிலிருந்து பிரசவத்துக்கு வருவேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை. வளர்ந்த பெண், கல்யாணமானவள். தாய் என்பதற்காக நெருக்கக் கூடாது.

இருந்தாலும் கட்டில் காற்று வரும் பக்கம் இருப்பது நல்லதுதானே.

ஜூன் 14

மாவட்ட சுகாதார அலுவலகத்தில் புது வரைபடம். கர்ப்பிணிகள் அதிகமுள்ள ஊர் அடர்சிவப்பு, குறைந்த ஊர் வெளுப்பு. பெண் மருத்துவரோடு சுற்றும் பரிசோதனை வண்டி ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அருமனைக்கா, கடலோரத் தேங்காய்ப்பட்டணத்துக்கா? அருமனை சிவப்பு, கடற்கரை வெளுப்பு. எல்லோருக்கும் திருப்தி. எனக்கு இல்லை. இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை.

ஜூன் 19

தேங்காய்ப்பட்டணம் போனேன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரே தெருவில் நாலைந்து பிள்ளைத்தாய்ச்சிகள் — வரைபடத்தில் ஒருத்தியும் இல்லை! ஜின்சி என்ற பெண் கொச்சியில் புருஷனோடு இருப்பவள். கர்ப்பப் பதிவும் அங்கேதான்; வரைபடம் அதைத்தான் எண்ணும். ஏழாம் மாதம் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்றவர்களும் அப்படியே, தூத்துக்குடியிலிருந்து, துபாயிலிருந்து.

"செக்கப்புக்கு ரெண்டு பஸ் மாறணும் மேடம்" என்றாள் ஜின்சி.

"ஏட்டி, வந்தவியள நிக்க வச்சா பேசுவ? கசேர எடுத்துப் போடு" என்றார் அவள் அம்மா செசிலி. பிறகு என்னிடம், "ஒங்களுக்குப் பெண்ணு உண்டா?"

"உண்டு. அவளும் உண்டாகியிருக்கிறாள்."

"வந்தாச்சா? போன் போட்டு விளிச்சியளா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஜூலை 3

கூட்டத்தில் சொன்னேன்: பதிவில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். பேறுகாலத்தில் எந்த வீட்டில் இருப்பீர்கள்? வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களையும் எண்ண வேண்டும். கணினிப் பிரிவு ஜெபதாஸ், "அப்போ நம்ம மேப்புக்கு இதுவரைக்கும் மாமியார் வீடு மட்டும்தான் தெரியும், இல்லியா மேடம்?" என்றார். ஒரே சிரிப்பு. வண்டி முடிவை ஒத்திவைத்தார்கள்.

திரும்பும் வழியில் கருப்பட்டி வாங்கினேன், பிரசவ லேகியத்துக்கு. சும்மாதான். நல்ல கருப்பட்டியாக இருந்தது.

ஜூலை 28

மாவட்டம் முழுக்கச் செவிலியர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சுபிதா போனில் மழையைப் பற்றிப் பேசினாள். நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

ஆகஸ்ட் 17

கேட்டுவிட்டேன். "பேறுகாலத்துக்கு இங்க வாறியா மக்கா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், "இப்பமா கேக்கிறிய? நீங்க விளிப்பியன்னு நானும் பாத்துப் பாத்து... இனி எங்கயும் பயணம் வேண்டாம்னு டாக்டர் சொல்லியாச்சும்மா."

அழுதாளா, ஜலதோஷமா?

ஊரெல்லாம் கேக்க வச்சேனே. என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஆகஸ்ட் 18

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 21, சென்னை

பெண் குழந்தை. சுபிதாவின் நெற்றி அப்படியே. சம்பந்தி வீட்டு அடுப்பில் லேகியம் கிண்டினேன். கருப்பட்டி ரயிலிலேயே கசிந்திருந்தது, பரவாயில்லை. சுபிதா முகம் சுளித்தபடி தின்றாள், இன்னொரு உருண்டையும் கேட்டாள்.

ஜெபதாஸ் புது வரைபடத்தை அனுப்பியிருந்தார். தேங்காய்ப்பட்டணம் நல்ல சிவப்பு. வண்டி இனி பாதி வாரம் அங்கே, பாதி வாரம் அருமனை. நாகர்கோவிலில் எங்கள் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளுப்பு.

சரியாகத்தான் இருக்கிறது.