ஏழு ஜோடிச் செருப்பு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் டீச்சரக்கா எழுதுவது. நான் உடம்புக்குச் சுகம். மனசைப் பற்றிப் போகப் போகத் தெரிந்துகொள்வாய். நீயும் உன் வீட்டுக்காரரும் நம் கீச்சுவும் புது ஊரில் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியேதான் பேனாவை எடுத்தேன். முதலில் ஒரு விஷயம். வழக்கம்போல இந்தக் கடிதத்தைக் கீச்சுவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லாதே. கண் வலித்தாலும் பரவாயில்லை, தையல் மெஷினை நிறுத்திவிட்டு நீயே படி.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. "வந்து மூணு மாசம் ஆகுதுக்கா, பிள்ளையை இன்னும் பள்ளிக்கூடத்துல சேர்க்கல. யாராவது ஃபாரத்தை நீட்டினாலே திரும்பி வந்துடறேன். இனிமே யாரையும் நம்பறதா இல்ல, உங்களைத் தவிர" என்று எழுதியிருந்தாய். அந்த "உங்களைத் தவிர" என்னைச் சோறு தின்ன விடவில்லை. கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், மறுபடி எடுத்தேன், மறுபடி பூட்டினேன். தங்கச்சி, அந்த வார்த்தைக்கு நான் லாயக்கில்லாதவள். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்குள் பத்துத் தடவை சுற்றி வளைப்பேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

இங்கே பள்ளிச் சீருடைக்குப் புதுத் தையல்காரர் வந்திருக்கிறார். மனுஷனுக்குத் தோள்பட்டை என்று ஒன்று இருப்பதே தெரியாதோ என்னவோ, பிள்ளைகள் எல்லாம் கொடியில் தொங்குகிற சட்டை மாதிரி நடமாடுகிறார்கள். பெரிய டீச்சர் தினமும் உன்னை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். உங்கள் சந்தில் பதினொரு வீட்டிலும் இன்னும் பூட்டுத்தான். உன் ஜன்னலில் நீ ஒட்டியிருந்த அளவுத் தாள் வெயிலில் மஞ்சளாகிவிட்டது. மளிகைக்கடை அண்ணனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது.

சுவர் முடிந்துவிட்டது. நீ பாதியில் பார்த்ததுதான். எழுபத்திரண்டு பிள்ளைகள், பதினாறு வீட்டு மொழிகள், "எல்லாரும் ஒண்ணுங்கற மாதிரி முன்சுவர்ல ஏதாவது வரைங்களேன்" என்று பெரிய டீச்சர் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமி உருண்டையைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து நிற்கிற படத்தை என் ஆயுசில் பதினைந்து சுவரில் வரைந்திருப்பேன், எனக்கே அலுத்துப்போன படம். அதனால்தான் அந்தப் பாழாய்ப்போன புத்திசாலித்தனம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கதவை உள்ளது உள்ளபடி வரையட்டும். எல்லாக் கதவும் சேர்ந்து ஒரே தெருவாக இருக்கட்டும். கதவின் மேல் அவரவர் பாஷையில் "வாங்க" என்று எழுதட்டும். கதவுக்கு முன்னால் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஜோடிச் செருப்பு. செருப்பு யோசனையும் என்னுடையதுதான். வேறு யார் தலையிலும் போட முடியாது.

உன் வீட்டுக் கதவைக் கீச்சு எப்படி வரைந்தாள் தெரியுமா? கீழே துருப்பிடித்த நீலத் தகரம், ஆணியில் தொங்குகிற உன் அளவு டேப். ஏழு ஜோடியையும் வரிசையாக வைத்தாள். அவள் அப்பாவின் குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு, மாமாவின் கயிறில்லாத ஷூ, அத்தையின் செருப்பு, மாமா பிள்ளைகள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போடுகிற சாண்டல்கள், அவளுடையது, கடைசியில் உன்னுடையது. உன் வாரில் நீ நூல் போட்டுத் தைத்திருந்தாயே, அந்தத் தையலை வரைய வேண்டும் என்று என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய பிரஷைச் சண்டை போட்டு வாங்கினாள். "எங்க வீட்ல தான் டீச்சர் நிறையச் செருப்பு, நாங்கதான் ஃபர்ஸ்ட்டு" என்று அவள் கீச்சுக் குரலில் கத்தியது பெரிய டீச்சர் அறை வரைக்கும் கேட்டது. நான் அவள் கன்னத்தைக் கிள்ளினேன்.

வரைவதற்கு முன்னால் நான் ஒரு பட்டியல் போட்டேன். எந்தச் சந்து, எத்தனையாவது கதவு, என்ன நிறம், வீட்டில் என்ன பாஷை, எத்தனை ஜோடிச் செருப்பு. கதவுகளைச் சுவரில் வரிசைப்படுத்த எனக்கு அது தேவைப்பட்டது. நிஜத் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு சுவரிலும் பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் குதிப்பார்களே என்று ஆசை. சிவப்பு மையில் கோடு போட்டு, செருப்புக் கட்டத்தின் மேல் குட்டியாக ஒரு செருப்புப் படமும் வரைந்தேன். எனக்குத்தான் எதையும் அழகாகச் செய்யாவிட்டால் கை அரிக்குமே.

நாற்பதடிச் சுவருக்குப் பெயிண்ட் வேண்டும். நகர அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். அதோடு அந்தப் பட்டியலையும் கலரிலேயே மூன்று நகல் எடுத்து இணைத்தேன். யாரும் கேட்கவில்லை, தங்கச்சி. நானாகத்தான் இணைத்தேன். எங்கள் பள்ளியில் எத்தனை விதமான வீடுகள், எத்தனை விதமான மனிதர்கள் என்று பார்க்கட்டும், பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்கிற பெருமை. உங்கள் சந்தில் வாடகைத் தாளில் எழுதிய ஆள் கணக்கு ஒன்று, உள்ளே இருக்கிற ஆள் கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியாதா? உன் அண்ணன் குடும்பத்துக்குத் தங்கும் அனுமதித் தாள் கிடையாது என்று நீயே என் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாய். தெரியும். ஆனால் தெரிந்த அந்த விஷயமும் இந்தப் பட்டியலும் என் மண்டைக்குள் ஒன்றாகச் சேரவே இல்லை. எனக்கு அது படம். செருப்பு என்றால் படம்.

பெயிண்ட் பத்தே நாளில் வந்தது. இருபது டப்பா. நான் துள்ளிக் குதித்தேன்.

நகர அலுவலக ஆட்கள் வந்த காலையில் நான் உன்னிடம் ஜாக்கெட் வாங்க வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? நீ என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த ஆள் வாசலில் குனிந்து செருப்பை எண்ணினான். எண்ணிவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தான். சிவப்புக் கோடு. மேலே குட்டிச் செருப்பு. என் பட்டியல்தான். "ஏழுன்னு போட்டிருக்கு, இங்க மூணு பேர்னு சொல்றீங்க?" என்று அவன் உன்னைக் கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். ஏதாவது சொல்லுங்கக்கா என்பது போலப் பார்த்தாய். நான் குனிந்து செருப்புகளைப் பார்த்தேன். உன் அண்ணன் சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு அவர்கள் வேனில் ஏறும்போதுகூட எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். பதினொரு வீட்டையும் காலி செய்ய உங்களுக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். அந்த ஏழு நாளும் தினம் வந்து உன்னோடு சாமான் கட்டினேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்றுதான் வருவேன். காட்டிக்கொடுத்தது மளிகைக்கடை அண்ணன்தான் என்று சந்து முழுக்கப் பேச்சு. போன வருஷம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அவர் "உங்களையெல்லாம் காலி பண்ண வைக்கிறேன் பாரு" என்று வாயை விட்டிருந்தார், அதைப் பிடித்துக்கொண்டார்கள். லாரி ஏறுவதற்கு முன் நீ அவர் கடை வாசலில் நின்று "நீ நல்லா இருப்பியா? உன் பிள்ளைங்க நல்லா இருக்குமா?" என்று கேட்டாய். அவர் கீச்சுவுக்கு நீட்டிய பிஸ்கட் பொட்டலத்தைத் தட்டிவிட்டாய். பிறகு திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்திதான்" என்றாய்.

நான் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் நல்லவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

மளிகைக்கடை அண்ணனிடம் இப்போது யாரும் சாமான் வாங்குவதில்லை. பாதி நாள் கடையைத் திறப்பதே இல்லை. உன் கடிதம் வந்த மறுநாள் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், கல்லெடுத்து அடிப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "தெரிஞ்சா செஞ்சீங்க? இல்லல்ல. ஆனா டீச்சர், அந்தப் பொண்ணு என் பிள்ளைங்களைச் சொன்னப்ப நீங்க பக்கத்துல தானே நின்னீங்க" என்றார். நான் கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன். அவருக்கு ஒரு வரி எழுது, தங்கச்சி. எனக்கு எழுதாவிட்டாலும் அவருக்கு எழுது.

போன மாதம் சுவரைத் திறந்து வைத்தார்கள். நகர அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். வந்து எண்ணிய ஆள் இல்லை, இவர் வேறு. ரிப்பனை வெட்டினார். "ஒரு தெருவுக்குள்ள ஒரு உலகமே இருக்கு" என்று மைக்கில் பேசினார். பிறகு உன் வீட்டுக் கதவு முன்னால்தான் போய் நின்றார், நிறம் பளிச்சென்று இருந்ததாம். குனிந்து பார்த்து, "அட, ஏழு ஜோடி! நல்ல குடும்பம்" என்று சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய டீச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பந்துக் கூடைக்குள் தலையை விட்டு அழுதேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போனால் சுவர் மாறியிருந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தங்கள் கதவுகளுக்கு முன்னால் இருந்த செருப்புகளை அழித்திருந்தார்கள். ஒன்பது இருந்த இடத்தில் நான்கு. ஆறு இருந்த இடத்தில் மூன்று. சிலேட்டு அழிக்கிற துணியால் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. சாம்பல் நிறப் பெயிண்டைத் தேடி எடுத்து மேலே பூசிவிட்டார்கள். யார் செய்தது என்று வகுப்பில் கேட்டேன். எட்டு வயதுப் பிள்ளைகள், என்னைக் கண்டால் காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள், என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

உன் அண்ணன் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்தேன். பட்டியலைப் போட்டது நான், அது படத்துக்காகக் குழந்தைகள் வாயால் கேட்டு எழுதியது, யார் வீட்டிலும் போய் நான் எண்ணவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "இது எவ்வளவு தூரம் உதவும்னு சொல்ல முடியாதும்மா, ஆனா உங்க வேலைக்கு வினை வரும், அது நிச்சயம்" என்றார். பெரிய டீச்சரும் "ரிட்டயராக ஒன்றரை வருஷம் இருக்கு, எதுக்கு இந்த வேலை" என்று தலையில் அடித்துக்கொண்டார். வரட்டும். உன் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று இதுவரை தகவல் இல்லை. தெரிந்த அன்றே எழுதுவேன். நீ பிரிக்காமல் கிழித்துப் போட்டாலும் எழுதுவேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வேறு ஒன்று கேட்கிறேன். கீச்சுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. நான் செய்ததற்கு அவள் வீட்டில் உட்காரக் கூடாது. ஃபாரத்தைக் கண்டு பயப்படாதே, பெயரையும் வயதையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. பிள்ளைக்கும் சொல்லி அனுப்பு. நன்றாகப் படிக்கட்டும், வாய்விட்டுச் சிரிக்கட்டும், கத்தட்டும். ஆனால் எங்கிருந்து வந்தாய், வீட்டில் யார் யார், எத்தனை பேர் என்று எந்த டீச்சராவது மடியில் உட்காரவைத்துக் கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல். ஆசையாகக் கேட்கிறார்களே, பாவம் என்று அவள் மனசு இளகிவிடும். இளக வேண்டாம் என்று சொல். நானும் ஆசையாகத்தான் கேட்டேன், தங்கச்சி.

அவள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
டிராயிங் டீச்சர்