எழுபத்தைந்து டாலர் ஸ்கோப்பும் என் வாயும்

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் வெண்டெலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே டகோமாவில் நீயும் இங்க்ரிட்டும் அதேபோல இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் பாதியில் ஏதாவது கேலி பண்ணிவிடுவேன், அது உனக்கும் தெரியும். பேனாவைப் பிடித்தால் வாய் சும்மா இருக்கிறது. அப்பாவின் தேன் பெட்டிகளிலிருந்து இரண்டு தேனீக் கூட்டங்கள் இந்த வருஷம் பிரிந்து பறந்துவிட்டன, ஒன்றைப் பிடித்துவிட்டார், இன்னொன்று நம் சபைக் கூரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, போதகர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிக்கிறார் என்று எல்லாருக்கும் சந்தோஷம். பீன்ஸ் கொடியை மான் மேய்ந்துவிட்டது, தக்காளி பரவாயில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

எனக்குத்தான் ஒரு குறை வந்தது. மே மாதம் அணில் வேட்டை திறந்த முதல் வாரம் கீழ்க்காட்டு மல்பெரி மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பழுத்த மல்பெரியில் அணில் சுடுவது எனக்குக் கோழிக்கூண்டில் கைவிட்டு முட்டை எடுக்கிற மாதிரி. நாலு தரம் சுட்டேன், நாலும் தவறியது. அணில் ஓடக்கூட இல்லை, பழத்தைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தது. ரைஃபிள் வளைந்துவிட்டது என்று நினைத்தேன், தோட்டா மட்டம் என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் அப்பாவைத் திட்டினேன். பிறகு வேலிக்கம்பத்தில் ஒரு டப்பாவை வைத்துக் குறி பார்த்தபோது குழாய் நுனியில் இருக்கிற முன்குறி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒன்று கெட்டியாக, இன்னொன்று புகை மாதிரி. எது நிஜம் என்று தெரியவில்லை. அந்த நிமிஷமே உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் நல்ல அம்மாவாகத் தெரிவேன், ஆனால் வரவில்லை. எனக்கு வந்தது கோபம்தான்.

கண் டாக்டர் வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, நவம்பரில் எடுத்துவிடலாம் என்றார். ஆகஸ்டில் மறுபடி திறக்கிற அணில் வேட்டையை நவம்பருக்குத் தள்ளிவைக்க முடியுமா. ரைஃபிள் மேல் மாட்டிக் குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய், அந்த ஸ்கோப் ஒன்றுதான் வழி. ஸ்கோப் வைத்துச் சுடுகிறவர்களை நான் நாற்பது வருஷமாக என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று இந்த ஊருக்கே தெரியும், அதனால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அப்பாவையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஆர்லிஸின் இரும்புக் கடைக்குப் போனேன். ஆர்லிஸ் என்னைக் கண்டதும், "என்ன லொரீன், கண்ணாடிக் குழாய் வாங்கறவன் கறியையும் கடையிலயே வாங்கிக்கலாம்னு சொன்னது நீதானே" என்றான். அது நான் சொன்னதுதான், வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவன் ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டுகிற நீளமான ஒன்றை எடுத்துவைத்தான், இரண்டு வருஷமாக விற்காமல் கிடக்கிறது போல. நூற்றுத்தொண்ணூறு டாலர். அப்பா நாற்பது டாலருக்கு இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு இதுவே நன்றாக மின்னுகிறதே என்றார்.

நல்லவேளை, ஆர்லிஸின் மருமகள் ஷெல்பி வந்தாள். விஷயம் தெரிந்த பெண். "மிஸ் லொரீன், அது மான் சுடற பெரிய ரைஃபிளுக்குச் செஞ்சது, நூறு கெஜத்துக்குச் சரியாயிருக்கும். உங்க அணிலு முப்பது கெஜத்துல உக்காந்திருக்கு, அதுல பாத்தா கண்ணு கொஞ்சம் நகந்தாலும் குறி நகந்து போவும்" என்றாள். வாசலுக்குக் கூட்டிப்போய், எதிரே தபால் ஆபீஸ் கதவுக் கைப்பிடியைப் பார்க்கச் சொன்னாள். அந்த நீளமான ஸ்கோப்பை அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் இப்படி அப்படி ஆட்டினால் உள்ளே இருக்கிற சிலுவைக் கோடு கைப்பிடியை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. நாற்பது டாலர் மின்னலில் ஓரமெல்லாம் கலங்கல், திருகைத் திருப்பினால் ஒரு தரம் நகர்கிறது, ஒரு தரம் நகரவில்லை. சுடுகிற அதிர்ச்சிக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது என்றாள். எழுபத்தைந்து டாலருக்கு நாலு மடங்கு காட்டுகிற ஒன்று இருந்தது, சின்ன ரைஃபிளுக்கென்றே ஐம்பது கெஜத்துக்கு அமைத்தது. மரம் முழுசும் தெரிகிறது, அணில் கிளை தாவினாலும் தேட வேண்டாம். நம் இருபத்திரண்டு ரைஃபிளின் முதுகில் பள்ளம் வெட்டியிருப்பதால் துளை போடும் செலவும் இல்லை, வளையத்தை மாட்டித் திருகினால் ஆயிற்று. அதையே எடுத்துக்கொண்டேன்.

காசை எண்ணும்போது வாய் சும்மா இருக்கிறதா, முன்குறி இரண்டாகத் தெரிகிற கதையைச் சொன்னேன். ஷெல்பி சிரிக்கவில்லை. "உங்க வலது கண்ணு மங்கினதும் இடது கண்ணு வேலைய எடுத்துக்கிச்சு. வலது தோள்ல வெச்சு, ரெண்டு கண்ணையும் திறந்து பாத்தா ரெண்டாத்தான் தெரியும். சில பிள்ளைங்களுக்குப் பிறவியிலயே இடது கண்ணுதான் எசமான். ஸ்கோப்ல ஒரு கண்ணுதான் பாக்கும், அதனால அந்தத் தொல்லை இல்ல. காசே செலவில்லாம வேணும்னா இடது கண்ணை மூடிக்கலாம், இல்ல மூக்குக்கண்ணாடியில இடது பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கலாம்" என்றாள்.

வெண்டெல், அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உனக்குப் பதிமூன்று வயசு, தீயணைப்பு நிலையத்துக் குறிசுடும் போட்டி, பன்றித்தொடை பரிசு. ஐந்து தோட்டாவும் குறிக் காகிதத்தில் படவில்லை. நீ இடது கண்ணை மூடினாய், நான் முழங்கையைத் தட்டி, ஒரு கண்ணை மூடுகிறவன் பாதிக் காட்டைத் தொலைக்கிறான் என்று திறக்கவைத்தேன். நீ தலையை ரைஃபிள் கட்டையின் மேல் சாய்த்து இடது கண்ணைக் கொண்டுவரப் பார்த்தாய், நான் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். நீ திரும்பி, மெதுவாகத்தான், "அம்மா, எனக்கு ரெண்டாத் தெரியுதும்மா" என்றாய். நான் ஊரே கேட்கும்படி, "அப்ப நடுவுல இருக்கறதப் பாத்துச் சுடுடா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததால் இன்னொரு தரமும் சொன்னேன். அடுத்த வாரம் நீ ஒரு ஸ்கோப் கேட்டாய், அதற்கும் ஒரு கேலிதான் கிடைத்தது. ஒரு துண்டு டேப் போதுமாயிருந்திருக்கும்.

இதைக் கடையிலேயே வாய்விட்டுச் சொன்னேன். ஆர்லிஸ் ஆணியை எடைபோட்டுக்கொண்டே தலைநிமிராமல், "நாங்க எல்லாரும் அன்னிக்கே பாத்தோம் லொரீன். பையன் தலை சாயறது தெரிஞ்சுதே. உனக்கும் தெரியும்னு நெனச்சோம். அதுவும் இல்லாம, சுடறதப் பத்தி உன்கிட்ட யாரு வந்து சொல்லுவா" என்றான். உன் அப்பா ஸ்கோப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டிரக்கில் ஏறி உட்கார்ந்தபிறகு, நீ அப்போது அவரிடமும் சொன்னாய் என்றும், அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாய் என்றும், "உன் வாய்க்குப் பயந்துட்டேன் லொரீன், விட்டுட்டேன்" என்றும் சொன்னார். அவரை நான் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை.

ஸ்கோப்பை மாட்டி, மணல் மூட்டையில் வைத்து ஐம்பது கெஜத்தில் சரிபார்த்தேன், பத்துத் தோட்டாவில் குறி நின்றுவிட்டது. இன்றுவரை நகரவில்லை, கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. அடுத்த சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக் காலைச் சாப்பாட்டில் பிஸ்கட்டும் கிரேவியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது தட்டை நீட்டிக்கொண்டு நின்ற டென்சில் வழக்கம்போல உன்னைப் பற்றிக் கேட்டான், கேட்டுவிட்டு வழக்கம்போல, நடுவில் இருப்பதைச் சுட்டானா என்றும் கேட்டான். இருபத்துநாலு வருஷமாக அந்த நகைச்சுவை இந்த ஊரில் ஓடுகிறது, உன் கல்யாணத்தன்றும் ஒருத்தன் சொன்னான். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவன் சொன்னது உண்மை, அவனுக்கு இரண்டாகத்தான் தெரிந்தது, எனக்கும் இப்போது அப்படித்தான் தெரிகிறது, தப்பு பூரா என்னுடையது என்றேன். டென்சில் தாடையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இனிமே எதுக்குச் சிரிக்கறது" என்றான். என்னைப் பார்த்துச் சிரி, அதற்குத் தகுதி எனக்கு இருக்கிறது என்றேன்.

சிரிக்கிறார்கள். நாலு வாரம் ஆகிறது. தபால் ஆபீஸ் வாசலில், சபைப் படியில், பெட்ரோல் போடுகிற இடத்தில், எது நிஜ அணில் லொரீன், இடதா வலதா என்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முதல் வாரம் நானும் கூடச் சிரித்தேன். இரண்டாவது வாரம் பல்லைக் காட்டினேன். போன வியாழக்கிழமை மாவு வாங்கப் போனவள் கடை வாசலில் டென்சில் நிற்பதைப் பார்த்துவிட்டு, டிரக்கைத் திருப்பி ஓடைப் பாதையில் சுற்றிக்கொண்டு வந்தேன். பாதி தூரம் வந்தபிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டு நீ தினமும் ஓடை வழியாகத்தான் சுற்றி வருவாய். ஒரு மைல் அதிகம், செருப்பெல்லாம் சேறு. எதற்குடா இவ்வளவு நேரம் என்று வாசலில் நின்று கேட்பேன். நீ நண்டு பார்த்தேன் என்பாய். ஐந்து வருஷம் நண்டு பார்த்தாய் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். டிரக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன் வெண்டெல். நாலு வாரம் என்னால் தாங்க முடியவில்லை, அதுவும் இந்த வயசில், நானே கேட்டு வாங்கியது.

என்னை மன்னித்துவிடு. வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வந்து இரண்டு நாளில் கிளம்புவது எதனால் என்று இனிமேல் கேட்கமாட்டேன். ஆகஸ்டில் ஒரு தரம் வந்தால் ரைஃபிளைத் தொட வேண்டாம், காட்டுக்கு வர வேண்டாம், அப்பாவோடு தேன் எடுக்கலாம். வர மனசில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுது, உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

இங்க்ரிட்டுக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரையும் கர்த்தர் எந்தத் தீங்கும் அண்டாமல் காப்பாராக. படகில் வேலை செய்யும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள், ஈரக்காற்று உனக்கு ஆகாது. கண்ணை ஒரு தரம் டாக்டரிடம் காட்டு, இந்தத் தடவை நான் சொன்னதை விட்டுவிட்டு அவர் சொல்வதை நம்பு.

உன்னிடம் தோற்றுப்போன,
அம்மா
லொரீன்