அய்யப்பன் வண்டியில் கியர் சத்தம் இல்லை

கள்ளக்குறிச்சி
கார்த்திகை 8, திங்கட்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு உன் அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், மழைக்கு வலது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா திடீரென்று எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், வரவில்லை. வாட்ஸ்அப்பில் அடித்தேன், அடித்ததை அழித்தேன், மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். பேனாவில் எழுதினால் அந்த வசதி இல்லை என்றுதான் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைத்தாள் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வந்தது உன் வண்டி விஷயம்தான், ஆனால் முதலில் ஊர் சேதியைச் சொல்லிவிடுகிறேன், எடுத்த எடுப்பில் என்னால் எழுத முடியாது.

எலவனாசூர்கோட்டையில் உன் மாமா மரவள்ளி போட்டிருக்கிறார், மாவுப்பூச்சி விழுந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார், இந்த மழையில் கொஞ்சம் அடங்கியிருக்கிறதாம். மாமா பெண் சுபஸ்ரீக்குப் போன வாரம் திருக்கோவிலூரில் வளைகாப்பு நடந்தது. பச்சைப் புடவையில் அழகாக இருந்தாள், உன்னைத்தான் கேட்டாள். நான் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன், அப்பா போனதிலிருந்து அதுதான் என் இடம், அதில் எனக்கு இப்போது வருத்தமும் இல்லை. ஆனால் பின் வரிசைக்கும் தேடிக்கொண்டு வந்து மாமா கேட்டார், "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா ரெண்டு சீட்டு வண்டி, நாளைக்கு ஒரு கொழந்த குட்டின்னு ஆனா டிக்கிலயா ஒக்கார வெப்பா" என்று. நான் சும்மா விடவில்லை. "ஒங்க டிராக்டர்ல ஒத்த சீட்டுதான கீது, அதுக்கு யாராவது உங்கள வந்து கேட்டாங்களா அண்ணே" என்றேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், அவர் சோறு போடுகிற இடத்துக்குப் போய்விட்டார். நம் டிரைவிங் ஸ்கூலை வாங்கினவர் போர்டை மாற்றிவிட்டார். அப்பா ஆசையாக எழுதிவைத்த உன் பேர் போய் இப்போது ஏதோ இங்கிலீஷ் பேர் இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன், அந்த மாருதியின் கிளட்சை யாரோ கடித்துக் குதறுகிற சத்தம் கேட்கும், நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

இனி வண்டி விஷயம். ஆடி மாசம் நீ சொன்னாய், டென்மார்க் வேலை மாசியோடு முடிகிறது, சென்னையில் வேலை கிடைத்துவிடும், வந்ததும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும், புதுசு வேண்டாம், செகண்ட் ஹேண்டில் ஒன்று நீயே ஓட்டிப்பார்த்துச் சொல்லும்மா, நீ சரி என்றால் சரி என்று. அதுவரைக்கும் உன் போன் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழை உண்டா, சரிம்மா வைக்கட்டுமா. ஐந்து நிமிஷம். சில வாரம் அதுவும் கிடையாது, தூங்கிட்டேன்மா என்று திங்கட்கிழமை ஒரு மெசேஜ் வரும். வண்டி தேட ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு டாண் என்று கூப்பிட்டாய், ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்குது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குதா, நீ ஓட்டும்போது உனக்கு எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டாய். எனக்கு எப்படி இருந்தது என்று என்னை யாரும் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது. ஞாயிறு மதியமே நான் முகம் கழுவி, புடவை மாற்றி, போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் பாண்டிச்சேரியில் அந்த மஞ்சள் வண்டியைப் பார்த்தோம். புரோக்கர் ஜுல்பிகர் தம்பிதான் கூட்டிப்போனது. கடைக்காரர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை, பேச்செல்லாம் ஜுல்பிகரிடம், சாவியையும் அவர் கையில்தான் கொடுத்தார். அவர் அதை என் கையில் மாற்றிக் கொடுத்தார், நான் இருக்கிற கோபத்தில் விறுவிறு என்று போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருஷமாக ஓட்டக் கற்றுக்கொடுத்து உட்கார்ந்த பக்கம் அல்லவா, கால் தானாகப் போய்விட்டது. ஓட்டத் தெரியாத அம்மாதான் என்று கடைக்காரருக்கு ஒரே நிம்மதி, வலது பக்கம் தானே ஏறி ஓட்ட ஆரம்பித்தார். முதல் திருப்பத்திலேயே அவர் வேகத்துக்கு நான் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தேன், தரை விரிப்பு நகர்ந்துவிட்டது. அப்புறம் அவரை இடது பக்கம் உட்காரவைத்துவிட்டு நான் எடுத்தேன். மேட்டில் மூணாவது கியரில் மிதித்தால் எஞ்சின்தான் கத்தியது, வண்டி ஏறவில்லை, கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. சேலத்தில் பார்த்த சிவப்பு வண்டிக்குப் பின்பக்க விரிப்பைத் தூக்கினால் அடியில் வெல்டு வைத்த தழும்பு, எங்கேயோ நன்றாக இடித்திருக்கிறார்கள். இந்த இரண்டும் நான் உன்னிடம் சொன்னது சொன்னபடி உண்மை. நீ வயிறு வலிக்கச் சிரித்ததும் உண்மை.

மூணாவது சாம்பல் நிற வண்டி, சின்னசேலத்தில் ஜவ்வரிசி மில் வைத்திருக்கிற அய்யப்பனுடையது. அவர் என்னிடம் ஓட்டப் பழகினவர், முதல் நாள் மில் காம்பவுண்டு சுவரை இடித்தவர். இடுப்பு வலி வந்ததால் விற்கிறார். "ஏற ஒரு ஆளு, எறங்க ரெண்டு ஆளு வேண்டிக்கீது டீச்சர் எனக்கு" என்றார். ஐப்பசி முதல் வாரம் நானும் ஜுல்பிகரும் சேலம் ரோட்டில் கொண்டுபோய்ப் பார்த்தோம். அன்றைக்கு ஞாயிறு. ஆறு மணிக்கு நீ கூப்பிட்டதும், மூணாவது கியர் விழும்போது உள்ளே உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வருது, கியர்பாக்ஸ் பெரிய செலவு வைக்கும், வேண்டாம் என்று சொன்னேன். நீ ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கவில்லை. சரிம்மா, வேற பாக்கலாம் என்றாய். மணி, அந்தச் சத்தம் பொய். அப்படி ஒரு சத்தம் வரவே இல்லை. வண்டி முடிவாகிவிட்டால் அடுத்த ஞாயிறு நீ எதற்கு என்னிடம் ஒரு மணி நேரம் பேசப்போகிறாய் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன், நீ கேட்டதும் வாயில் அது வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் பெங்களூருக்குப் போய் ஒரு நீல வண்டி ஓட்டினேன் என்று முக்கால் மணி நேரம் சொன்னேனே, பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆடுகிறது, கடைக்காரர் பல் தேய்க்காமல் வந்திருந்தார் என்றெல்லாம். நான் பெங்களூருக்குப் போகவே இல்லை. அன்றைக்கு முழுக்க வீட்டில்தான் இருந்தேன், துவைத்த துணியை மடித்துக்கொண்டு அந்த நீல வண்டியை யோசித்துவைத்தேன்.

என்ன நஷ்டம், இன்னும் நாலு வாரம் பேசுவாள், அப்புறம் சாம்பல் வண்டியின் சத்தம் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், ஆபீசில் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, டிசம்பர் கடைசிக்குள்ள சொல்லணும், நல்ல வண்டியும் அமையல, இருந்துடட்டுமாம்மா என்று. உன் இஷ்டம் பாப்பா என்று நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். மறுநாள் ஜுல்பிகர் வந்தார், நீ அவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய் போல. "இன்னாக்கா, மூணாவது கியர்ல சத்தமாமே, நானுந்தான பக்கத்துல ஒக்காந்துக்கினு வந்தேன், எனக்கு ஒண்ணியும் கேக்கலியே" என்றார். நான் ஏதோ மழுப்பினேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஒங்களுக்கு வண்டி புடிக்கலியா, இல்ல பாப்பா வர்றது புடிக்கலியாக்கா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் நேற்று முன்தினம், சனிக்கிழமை, அய்யப்பனிடம் போய் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சாவியை வாங்கினேன். ஜுல்பிகரைக் கூப்பிடவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறி வெள்ளிமலை வரைக்கும் போனேன். வண்டி தரையோடு தரையாக இருப்பதால் வேகத்தடையில் நேராக ஏற்றக்கூடாது, குறுக்காகச் சாய்த்து ஏற்ற வேண்டும், பழகிக்கொள். மலையில் தூறல், ரோடெல்லாம் இலை, நாலு அடிக்கு அந்தப் பக்கம் தெரியாத மூட்டம். கொண்டை ஊசி வளைவில் ரெண்டாவது கியருக்கு இறக்கி, பாதி திருப்பத்தில் கொஞ்சம் மிதித்துவிட்டால் போதும், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி வந்தது. பதினைந்து வருஷம் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பதறினவள், பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல் நான் பாட்டுக்கு ஓட்டினது இதுதான் முதல் தடவை. வாய்விட்டுச் சிரித்தேன் மணி, அறுபத்தொரு வயதில். மேலே டீக்கடையில் நிறுத்தினேன், அந்தக் கடை அம்மா கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கூட யாரும் வர்லியா" என்று கேட்டாள். இல்லை என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, நம்பரை எடுத்துவிட்டேன், உங்கள் ஊரில் விடிகாலை ஐந்து மணி, நீ தூங்குவாய் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று பார்த்தால் யாரும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். எஞ்சின் காலையில் ஒரே தட்டில் எடுத்தது, புகை இல்லை. கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் நன்றாக இருக்கின்றன. இறக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை, எந்தக் கியரிலும் இல்லை. முன் பம்பருக்கு அடியில் வேகத்தடை உரசின கீறல் இருக்கிறது. டயர் நாலும் பழசு, ஓரத்தில் இருக்கிற தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன், ஆறு வருஷம் ஆகிவிட்டது, கோடு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வேறு குறை இல்லை. வண்டி நன்றாக இருக்கிறது மணி. ஐப்பசியில் பார்த்தபோதும் நன்றாகத்தான் இருந்தது. பொங்கல் வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன் என்று அய்யப்பன் சொல்லியிருக்கிறார்.

உன்னைக் குற்றம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் பத்து நிமிஷம் பேச விஷயம் இல்லாமல் போனது எப்படி. எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, அதைச் சொல்லத் தெரியாமல் கியரில் சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அதற்காக நீ வந்துவிட வேண்டும் என்று எழுதவில்லை. அங்கே வேலை பிடித்திருந்தால் இரு, ரெண்டு வருஷம் என்ன நாலு வருஷம் கூட இரு. நல்ல வண்டி அமையவில்லை என்று மட்டும் இருந்துவிடாதே.

இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். இந்த ஞாயிறு நீ கூப்பிடும்போது இது வழியில்தான் இருக்கும், நான் மழையைப் பற்றியும் மரவள்ளியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரியில் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு ரசமாவது வை. உனக்கு நல்ல உடம்பும், நல்ல வேலையும், உன்னை உன் போக்கில் விடுகிற ஒரு துணையும் அமைய அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. போவதா இருப்பதா என்று ஆபீசில் சொல்லி முடிக்கிற வரைக்கும், எத்தனை ஞாயிறு ஆனாலும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் ஏதாவது பொய் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
செந்தமிழ்ச்செல்வி