மைமூன் பெரியவளாகிவிட்டாள், அத்தா

என் உயிரான அத்தா,

நீங்கள் உயிரோடிருந்தால் இந்தச் சேதியைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? மண்ணுக்குள் போனவரிடம் என்ன வெட்கம் என்றுதான் துணிந்து எழுதுகிறேன். உங்கள் பேத்தி மைமூன் பெரியவளாகிவிட்டாள்.

சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எனக்குத் தலாக் ஆன பிறகு பள்ளிவாசலில் ஜமாஅத் பெரியவர்கள் கூடினார்களே, நினைவிருக்கிறதா? எனக்காக நீங்கள்தான் போய்ப் பேசினீர்கள். "பொண்ணு ஆளாவுற வரிக்கும் ஆத்தாக்காரிகிட்ட, ஆளானா அப்பன் வூட்டுக்கு" என்று ஒப்புக்கொண்டு வந்தீர்கள். நான் அழுதேன். "கொயந்த இப்பத்தான் நடக்கக் கத்துக்குது, அதுக்கு இன்னும் எம்மாங் காலம் கீது, பாத்துக்கலாம்மா" என்றீர்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணமே காலியான வருஷத்தில் பிறந்த குழந்தை அது. அந்தக் காலம் வந்துவிட்டது அத்தா. பார்த்துக்கொள்ள நீங்கள்தான் இல்லை.

மைமூனின் தகப்பன் காதர் இப்போதும் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறார். மாதம் பிறந்தால் பிள்ளைக்கென்று அரிசி கொண்டுவந்து தருவதில் குறை வைத்ததில்லை. இல்லாததைச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் இரண்டாம் தாரத்துக்கு இடுப்பில் ஒன்று, தொட்டிலில் ஒன்று. அங்கே என் பெண் மகளாகவா இருப்பாள், ஆயாவாகவா?

அதனால் மறைத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. உளுந்தங்களி கிண்டவில்லை, வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்விடுமே! கொருக்குப்பேட்டை குடோனிலிருந்து நான் தைக்க எடுத்து வரும் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் கொடி கட்டி அவள் துணியைக் காயப்போட்டேன். குழாயடியில் பக்கத்து வீட்டு மேரியக்கா விடவில்லை. "இன்னா பாத்திமா, பொண்ணு மொகம் மினுமினுன்னு கீது?"

"எண்ணெ தேச்சி உட்டேங்க்கா" என்று குடம் நிரம்பும் முன்பே ஓடி வந்துவிட்டேன்.

நேற்று அவர் அரிசியோடு வந்தார். தலாக்குக்குப் பிறகு அவர் எனக்கு அந்நிய ஆண் அல்லவா? வாசல் திரைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார், இந்தப் பக்கம் நான். எங்களுக்குள் நேர்ப்பேச்சு கிடையாது. நடுவில் மைமூன்தான் தபால்.

"உங்கம்மாவக் கேளு, நீ ஆளாயிட்டியான்னு" என்றார்.

"இன்னும் இல்லன்னு சொல்லு" என்றேன்.

அவள் திரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "இன்னும் இல்லியாம்" என்றாள். அவர் அரிசியை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். நம்பினாரா, தெரியவில்லை.

நான் அப்பாடா என்று சாக்கை எடுத்து மடியில் போட்டேன். மைமூன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பக்கத்து வூட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் பூ வெச்சி, களி கிண்டிக் குட்த்தாங்க. என்னிய மட்டும் ஏம்மா ஒளிச்சி வெக்கிற? எனுக்கு வந்தது எதுனா சீக்கா?"

தைக்கிற ஊசி கையில் அப்படியே நின்றுவிட்டது அத்தா. இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளோ தன் உடம்பில் ஏதோ குற்றம் நடந்துவிட்டதாகப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அது நடக்கவே இல்லை என்று பொய் சொல்லவும் அவள் வாயையே பயன்படுத்திக்கொண்டேனே, நானும் ஒரு தாயா? அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்று உளுந்து ஊறவைத்தேன். மேரியக்காவிடம் போய்ச் சொன்னேன். "அட கய்தே, இத்தப் போயா மறச்ச?" என்று திட்டிக்கொண்டே முட்டையும் நல்லெண்ணெயும் எடுத்து வந்தாள். அவள் புருஷன் மூலமாகத்தான் காதருக்கும் சொல்லியனுப்பினேன். "வெள்ளிக்கெயம ஜும்மா முடிஞ்சி ஜமாஅத்துல பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். கோபமா? நான் சொன்ன பொய்க்கு வீம்பாக அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவாரா?

இந்த முறை எனக்காகப் பேச ஆளில்லை. பள்ளிவாசல் தாழ்வாரத்தில் திரைக்குப் பின்னால் நின்று நானே பேசுவேன். அரிசி வேண்டாம், பெண்ணை விட்டுவிடுங்கள் என்பேன். அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பேன். அப்பன் கொடுத்த வாக்கை மகள் மீறுகிறாள் என்று பெரியவர்கள் ஏசினால் ஏசட்டும். நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தர எனக்குத் துணிவில்லை அத்தா. அது பெரியவர்கள் கையில் இருக்கிறது. என் கையில் இருப்பதை மட்டும் அல்லாஹ் அறியச் சொல்கிறேன்: என்னோடு இருந்தாலும் சரி, அவரோடு போனாலும் சரி, பெரியவளானதற்காக என் மகள் இனி யார் முன்னாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

உங்கள் மகள்,
மைமூனைப் பெற்றவள்,
பாத்திமா
ராயபுரம்