சமதரையில் இறங்கினீர்கள்

இல்லை, இன்னும் கொடுக்கவில்லை. ஆறு சைக்கிள்களும் கடைக் கிட்டங்கியில்தான் நிற்கின்றன, ஒன்றின் கைப்பிடி அடுத்ததின் கம்பிகளில் மாட்டிக்கொண்டு. காலையில் அரிசி மூட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது அந்த வாசம் வந்தது. பழைய ரப்பரும் விளக்கெண்ணெயும். உங்கள் முந்தானையில் அது கொஞ்ச காலம் இருந்தது, கார்பாலிக் வாசத்துக்கு அடியில்.

அதனால்தான் எழுதுகிறேன், அக்கா. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

சைக்கிள்கள் சும்மா வந்தவை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராக மோட்டார் வாங்கிவிட்டார்கள். கிளப்புக் கொட்டகையில் இடம் வேண்டியிருந்தது. கிளப்புக்குச் சாமான் போடும் கடைக்காரர் என்பதால் அப்பாவைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். மாட்டு வண்டியில் ஏற்றிவந்தார். கடைவீதியே வந்து பார்த்தது. இலவசம் என்றதும் எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது.

பக்கத்துக் கடை முஸ்லிம் நானா ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, பதுளையில ஒண்ணு ஏத்தம், இல்லாட்டி எறக்கம். ஏத்தத்துல நாம சைக்கிளத் தூக்கணும். எறக்கத்துல அது நம்மளத் தூக்கிட்டுப் போயிரும். இத வச்சி என்ன செய்யப்போறீங்க?"

"பாப்போம். காசா பணமா" என்றார் அப்பா.

அன்றைக்குத்தான் நீங்கள் சோப்பும் நூலும் வாங்க வந்தீர்கள். பின்பக்கத்து வழியாக. வெள்ளைச் சேலை, கையில் தோல் பை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருத்துவச்சி. அந்தத் தோட்டத்துக் கூலி லயத்திலேயே பிறந்தவர். பண்டாரவளை வரை வண்டியிலும் அங்கிருந்து ரயிலிலும் கொழும்புக்குப் போய்ப் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, அதே லயத்துக்குத் திரும்பி வந்தவர். நான் மதராஸில் படித்துவிட்டு அதே கடைக்குத் திரும்பியிருந்தேன். திரும்பி வந்த இரண்டு பேர். அதற்குமேல் நமக்குள் ஒற்றுமை எதுவும் இல்லை என்று அம்மா சொல்வாள்.

"இதுல ஒண்ணு எனக்குக் குடுக்கச் சொல்லுங்க பாப்பா" என்றீர்கள், விலை கேட்கிற குரலில்.

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"கீழ் டிவிசன்ல புள்ளத்தாச்சிக்கு வலி கண்டா மேல இருக்கிற என்னைக் கூப்பிட ஆள் வரணும். நான் எறங்கிப் போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள கவ்வாத்துக் கத்தியாலயே தொப்புள்கொடிய அறுத்து வச்சிருக்காங்க. தேயிலச் செடிய வெட்டுன கத்தி. மண்ணுகூட தொடைக்கிறதில்ல."

அந்தக் கத்திக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு சைக்கிள் என்றால் அவ்வளவுதான் அர்த்தம்.

அப்பா ஒன்றைக் கொடுத்தார். யாரோ ஒரு துரைசானி ஓட்டியது, நடுக்கம்பி தாழ்ந்தது. மற்ற ஐந்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார். நீங்கள் ஓட்டிக் காட்டினால் மற்ற தோட்டத்து மருத்துவச்சிகளுக்கும் கேட்கலாம் என்று நாமே பேசிக்கொண்டோம்.

கடைக்குப் பின்னால் மூட்டை இறக்கும் முற்றத்தில் உங்களுக்கு நான் பழக்கினேன். கல்லூரி மைதானத்தில் நான் கற்றதில் அது ஒன்றுதான் இங்கே பயன்பட்டது. சேலையை வரிந்து கட்டி, முந்தானையை இடுப்பில் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவீர்கள். விழுந்தால் முதலில் சைக்கிளைத்தான் பார்ப்பீர்கள்.

"பிள்ளையப் புடிக்கத் தெரியுது. இதப் புடிக்கத் தெரியல."

"இது வழுக்காது அக்கா, பயப்படாதீங்க."

"அதான் பாப்பா கஷ்டம். வழுக்குனா புடிச்சிருவேன்."

அந்த முற்றத்தில் நீங்கள் இருந்ததைப்போல வேறெங்கும் உங்களைப் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து வந்தீர்கள். தோட்டத்தில் யாரும் தடுக்கவில்லை என்றீர்கள். ஆனால் கடைவீதி முனையிலேயே இறங்கி, தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். எங்கள் கடையின் முன்பக்கத்தைத் தாண்டி, சந்துக்குள் திருப்பி, பின்கதவுக்கு. நானா கடை முன்னால், செட்டியார் கடை முன்னால், எல்லார் முன்னாலும் இறங்கி.

அப்பாவிடம் கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. அவளா எறங்குறா."

தோட்டத்திலும் அப்படித்தானா என்று உங்களிடம் கேட்டேன். சாதாரணமாகச் சொன்னீர்கள். முதல் நாள் பெரிய கங்காணி வீட்டைத் தாண்டும்போது அவர் ஒரு இருமல் இருமினார். அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு கங்காணி வீட்டு முன்னால் இறங்கித் தள்ளுவது. ஆபீஸ் முன்னால். தேயிலை அரைக்கும் ஸ்டோர் முன்னால். துரை பங்களா கண்ணில் படுகிற வளைவு முதல் அது மறைகிற வளைவு வரை.

"கோயில் முன்னால?"

"அங்கயும்தான். சாமி மட்டும் கொறைச்சலா?"

மறுவாரம் உங்களோடு அந்த ரோட்டில் நடந்தேன். மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை. அன்றுதான் எனக்குப் புரிந்தது.

லயங்கள் சரிவில் இருக்கின்றன. சரிவில் யாராலும் ஏறி ஓட்ட முடியாது. மேலே தள்ள வேண்டும், கீழே பிடித்து இழுக்க வேண்டும். ரோட்டில் சமதரை என்று இருப்பது நடுவில் ஒரே ஒரு நீளம். மலையில் சமமான இடம் கிடைத்தால் அங்கே என்ன கட்டுவார்கள்? பங்களாவைக் கட்டினார்கள். ஆபீஸையும் ஸ்டோரையும் கட்டினார்கள். கங்காணி வீட்டைக் கட்டினார்கள். கோயிலையும் அங்கேதான் வைத்தார்கள்.

ஓட்டக்கூடிய இடம் முழுவதும் இறங்க வேண்டிய இடம். இறங்க வேண்டாத இடம் முழுவதும் ஓட்ட முடியாத இடம்.

அந்தத் தோட்டத்தில் உங்கள் சைக்கிள் ஓடுவதற்கு ஓர் அடி ரோடு இல்லை. இதை உங்களிடம் சொன்னேன். ஒரு கல்லைச் சக்கரத்துக்கு முன்னாலிருந்து காலால் ஒதுக்கினீர்கள்.

"எறங்காதீங்க அக்கா" என்றேன். "உயிர் போற விஷயம். யார் என்ன செஞ்சிடுவாங்க?"

"வேலய விட்டு நிப்பாட்டுவாங்க. அப்ப கவ்வாத்துக் கத்திதான் எல்லாருக்கும்."

பிறகு செல்லாயியின் பிரசவம். கீழ் டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள், முதல் பிள்ளை. மலையிலேயே வலி கண்டது. நடுப்பகல். ஆள் ஓடிவந்து உங்களைக் கூப்பிட்டான். சரிவில் சைக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினீர்கள். சமதரை வந்தது. துரை பங்களாப் புல்தரையில் நாயோடு நின்றுகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நீங்கள் தள்ளிக்கொண்டு போனீர்கள். பங்களா, ஆபீஸ், ஸ்டோர், கங்காணி வீடு.

போய்ச் சேர்ந்தபோது கொடி அறுத்தாகிவிட்டது.

ஒரு வாரத்தில் குழந்தைக்குத் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் போயிற்று. உடம்பு வில்லாக வளைந்தது. பிறகு இல்லை.

ஏறிப் போயிருந்தால் கத்திக்கு முன்னால் சேர்ந்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை யாரும் அந்தத் துரையிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அது உங்களிடமே இருந்தது.

அந்த மாதமே சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். துடைத்து, எண்ணெய் போட்டு. தோட்டத்திலிருந்து பதுளை வரை ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன், முழங்கால்வரை சேறு.

"ஏன்?"

"நடந்துபோனா யாரு முன்னாலயும் எறங்க வேண்டியதில்ல, பாப்பா."

அழகாகத்தான் சொன்னீர்கள். அம்மாகூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அக்கா, இத்தனை மாதமாக அந்த வாக்கியத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் இருக்கும் பெருமை உங்களுடையது. அதனால் லாபம் அடைந்தவர்கள் அவர்கள். துரைக்கு ஒரு சங்கடம் தீர்ந்தது. கங்காணி இருமத் தேவையில்லாமல் போயிற்று. எங்கள் கடைவீதியும் பழையபடி ஆனது. நீங்கள் மறுபடி நடந்தீர்கள். கத்தி மறுபடி முந்தியது.

மழையிலும் நடந்தீர்கள். நனைந்த சேலையோடு இரண்டு டிவிசன், மூன்று டிவிசன். மார்ச்சளி என்றார்கள். தோட்டத்து டாக்டரையா கலக்கிக் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு மறுநாளும் ஒரு பிரசவம் பார்த்தீர்களாம். அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சேதி வந்தபோது உங்களைப் புதைத்தாகிவிட்டது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். வேறு யார்மேல் பட்டாலும் "நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்கிறார்களே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் இடத்துக்குப் புது மருத்துவச்சி வந்துவிட்டாள். என்னைவிட இளையவள். அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆறு சைக்கிள்களையும் உங்கள் ஞாபகார்த்தமாகத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவது. பங்களா முன்னால் பந்தல், துரை தலைமை, மாலை. தோட்டத்துச் சாமான் ஒப்பந்தம் இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. வரவேற்புரையை நான் இங்கிலீஷில் எழுத வேண்டும். "நீ படிச்சதுக்கு ஒரு உபயோகம்" என்றார்.

நீங்கள் திருப்பிக் கொடுத்த பொருளை உங்கள் பேரால் கொடுப்பது. அதைப் பெறப்போகிறவள் உங்கள் ஞாபகத்தைப் பங்களா முன்னால் தள்ளிக்கொண்டு போவாள்.

விழாவைப் பற்றிப் பேச அப்பாவோடு துரையைப் பார்க்கப் போனேன். துரை நாற்காலி காட்டினார். அப்பா உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். எந்தக் கல்லூரி என்று விசாரித்தார், மதராஸ் வெயிலைப் பற்றிப் பேசினார். மரியாதையான மனிதர். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்து ரோட்டில் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் உத்தரவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே வியந்தார். "அப்படி ஒரு உத்தரவு இங்கே கிடையாதே. அவர்களாகவே இறங்குகிறார்கள். பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவு தெரியும்.

"அப்படியானால் நாளைக் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு நிற்கும்போது, அதைச் சொல்லிவிடுங்கள். யாரும் இறங்க வேண்டாம் என்று."

சிரித்தார். "இல்லாத உத்தரவை எப்படி ரத்து செய்வது?"

வெளியே வரும்போது அப்பா சொன்னார்: "அதான் சொல்லிட்டாரே, அப்படி ஒண்ணும் இல்லன்னு. இனி என்ன?"

அங்கிருந்து நேரே மேல் லயத்துக்குப் போய்ப் புது மருத்துவச்சியைப் பார்த்தேன். உங்கள் அறையில்தான் இருக்கிறாள். உங்களைப் பற்றிச் சொன்னேன், செல்லாயியைப் பற்றி, சமதரையைப் பற்றி. துரை சொன்னதையும் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், கட்டுத்துணியைச் சதுரமாகக் கிழித்துக்கொண்டு.

"ஒங்ககிட்ட இங்கிலீசுல சொன்னது எங்க ரோட்டுல எப்படிங்க செல்லும்?"

"செல்லாது."

"அப்ப சைக்கிள் எதுக்குங்க? தள்ளிக்கிட்டுப் போறதுக்கா? நடந்தா ஒரு கையாவது மிச்சம்."

நீங்கள் சொன்னதுபோல இல்லை அது. அதில் பெருமை கிடையாது. கணக்கு மட்டும்தான். ஆனாலும் நீங்கள் நடந்த அதே பக்கம்தான் அவளும் போகிறாள் என்று தெரிந்தது. எனக்குள் ஒரு கோபம் கசந்து கட்டியாக நின்றது, அது இன்னும் கரையவில்லை. கரைய வேண்டாம் என்றிருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். நீங்கள் வைத்துக்கொள்ள மறுத்தது.

வீட்டுக்கு வந்து வரவேற்புரை எழுத மாட்டேன் என்றேன். பெரட்டில் துரை தன் வாயால், தமிழில், எல்லார் முன்னாலும் சொல்கிற அன்று ஆறையும் கொடுக்கலாம், அதுவரை ஒன்றும் வெளியே போகாது என்றேன். அப்பா கத்தவில்லை. "ஒப்பந்தம் போச்சுன்னா என்ன சாப்பிடுவ?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. கிட்டங்கிச் சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

துரைக்கும் அதையே சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. பந்தல் பேச்சு நின்றுவிட்டது. அப்பா என்னோடு பேசுவதும்.

இன்று காலை அரிசி மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். பிறகு தோட்டத்துக்குப் போனேன். கீழ் டிவிசனில் செல்லாயிக்கு மறுபடி மாதம் நெருங்குகிறது. புது மருத்துவச்சி அவளைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நானும் அவளோடு நடந்தேன்.