ஐந்தாம் பாகத்தின் வெட்டாத தாள்கள்

ஞாயிறு ஐந்து மணியானால் இன்னும் என் காதுக்குள் வந்து குந்திவிடுகிற ரஞ்சன் மச்சானுக்கு,

உன்னுடைய முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் போன மாதம் நல்லபடி நடந்தது. இஷொய் மண்டபத்தில் சனம் நிரம்பிவிட்டது. வடை பாதியில் முடிந்துபோய், பிந்தி வந்தவர்களைப் பாயசத்தால் சமாளித்தார்கள். உனக்கு வடை கிடைக்காமல் போயிருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பாய் என்று நினைத்து, அழவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உன் மனைவி கலா மூன்று தடவை போன் எடுத்தாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டுச் சொன்னேன். மலர் நான் இல்லாமலே அச்சாகிவிட்டது. உன் தங்கையைக் கட்டியவன், இத்தனை வருஷமாய் உன்னோடு ஒட்டித் திரிந்தவன், ஒரு வரி எழுதவில்லையே என்று பலருக்கு மனத்தாங்கல். மச்சான், எனக்குப் பயம். எழுதினால் பிழை விடுவேன், என் மூளைக்குள் ஏதோ நடக்கிறதென்று சனம் கண்டுபிடித்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லாரும் வாசிக்கட்டும் என்று கலாவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நம்முடைய கூத்துத் தெரியாது. கொஞ்சம் சொல்கிறேன், குறுக்கே கதைக்காதே. ஊரில் சண்டை மூண்ட காலத்தில் நாம் இரண்டு பேரும் புலமைப்பரிசிலில் ருமேனியாவுக்குப் படிக்கப் போனோம். முதல் வருஷம் முழுக்க மொழிப் பாடம். பாடப்புத்தகத்தில் உழவு இயந்திரத்தையும் கூட்டுப்பண்ணையையும் தவிர வேறொன்றும் இல்லை. விடுதியில் சூடாக்கி வேலை செய்யாத ஒரு பின்னேரம், ரயில் நிலையக் கடையில் இருந்து நீ ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்தாய். அட்டையில் ராக்கெட். கையுறையைக் கழற்றப் பஞ்சிப்பட்டு மூக்கால் தாள் புரட்டினாய்.

எந்த நாட்டுக் கதையோ, யார் ருமேனிய மொழிக்கு மாற்றியதோ, நாம் பார்க்கவில்லை. அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஏறினோம். நாம் தடக்குப்படாமல் சொன்ன முதல் ருமேனிய வசனம், "தளபதி, ஒட்சிசன் முடியப்போகிறது" என்பது. அடுத்த நாள் சாப்பாட்டுச் சாலையில் பாண் முடிந்ததை நீ அதே தோரணையில் அறிவித்தாய். பரிமாறிய பெண் பயந்துபோனாள்.

பிறகு டென்மார்க். நீ இஷொயில், நான் சில்க்போர்க்கில். கிரகங்கள், மந்திரவாதிகள், பல தலைப் பாம்புகள் எல்லாவற்றையும் நாம் ருமேனிய மொழிபெயர்ப்பில் மட்டுமே வாசித்தோம். "இங்கிலிஷில வாசிச்சா என்ன? டேனிஷில வாசிச்சா என்ன?" என்று உன் தங்கை சாந்தி ஒருமுறை கேட்டாள்.

"தங்கச்சி, டேனிஷில எனக்குக் கடிதம் போடுறது கொம்மூன் நகரசபை மட்டும்தான். இங்கிலிஷ் எண்டா சோதனை. ருமேனிய மொழியிலதான் ஒருத்தரும் என்னை விசாரிக்கேல்லை" என்று சொன்னாய். நீ பகிடியாகச் சொன்னாயா, உண்மையாகச் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நமக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அந்தக் காலத்து மலிவுப் பதிப்புகளில் தாளை மடித்துத் தைத்துவிட்டு ஓரத்தை வெட்டாமலே விற்றுவிடுவார்கள். வாங்கியவன் கத்தியால் வெட்டி வெட்டித்தான் உள்ளே போகவேண்டும். புத்தகம் யார் கைக்கு வருகிறதோ அவன் வெட்டுவான், அவன்தான் முதலில் வாசிப்பான். மற்றவனுக்கு ஞாயிறு ஐந்து மணிக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு அதிகாரமாகக் கதை சொல்வான். சொல்லி முடித்த பிறகே புத்தகம் தபாலில் போகும். அந்த நேரத்தில் சாந்தி தேத்தண்ணி வேணுமா என்று கேட்கக்கூட நான் விடமாட்டேன்.

ரயில் நிலையக் கடையில் தொடங்கிய அந்த விண்கப்பல் கதையின் ஐந்தாம் பாகத்துக்காக நாம் எத்தனை வருஷம் அலைந்தோம்! நாலு பாகம் கையில், கடைசிப் பாகம் இல்லை. கடைசியில் ஒரு பழைய புத்தகக்காரர் உனக்கு அனுப்பிவைத்தார். நீ குழந்தைபோலக் கத்தினாய். அடுத்த ஞாயிறே தொடங்கினாய். பதினொரு ஞாயிறு.

அந்தக் கதை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கப்பலின் விண்மீன் வரைபடம் அழிந்துபோகிறது. அது கப்பல் ஓட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஒருவருக்கும் சொல்லமாட்டான். கப்பலில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு, "நீ இப்ப என்ன காணுறாய்?" என்று கேட்பான். அவர்கள் சொல்வதை வைத்துக் கப்பலைத் திருப்புவான். கடைசியில் கப்பல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் சமையலறையில் நின்று அழுதேன்.

"புத்தகத்தை எப்ப போடுறாய்?" என்று கேட்டேன். "கெல்லருக்குள்ள தண்ணி வந்திட்டுது மச்சான். நிலவறைச் சாமான் எல்லாம் நாசம். புத்தகமும் போட்டுது" என்றாய். நான் நம்பினேன். அதற்கு அடுத்த குளிர்காலம் உன் இதயம் நின்றுபோனது.

இனி என் பயத்துக்கு வருகிறேன்.

நான் இன்னும் அதே முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறேன். அங்கே ஒரு அம்மா இருந்தார். பின்லாந்தில் இருந்து இளம் வயதில் கல்யாணமாகி வந்தவர். ஆயுள் முழுக்க டேனிஷில் பேசி, டேனிஷில் பிள்ளை வளர்த்தவர். மறதி நோய் வந்ததும் டேனிஷ் முழுக்கக் கழன்றுவிட்டது. சின்ன வயதுப் பாஷை மட்டும் மிஞ்சியது. அவருடைய பிள்ளைகள் கைபேசியில் மொழிபெயர்ப்பைத் தட்டிக்கொண்டு தாய்க்கு முன்னால் இருப்பார்கள். நான் தேநீரை வைத்துவிட்டு விலகிப் போய்விடுவேன். பார்க்க ஏலாது.

பிந்தி வந்த மொழிதான் பெரும்பாலும் முதலில் போகும் என்று வேலையிடத்தில் சொல்வார்கள். எனக்குப் பிந்தி வந்தது டேனிஷ். என் மகள் மதுரா பிறந்த நாளில் இருந்து நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை. இப்போது யோசித்துப் பார். எனக்கு டேனிஷ் போனால் என் பிள்ளை எனக்குப் போய்விடுவாள்.

நீ போன பிறகு ருமேனிய மொழி பேச ஆளில்லை. ஒருநாள் வேலையில் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கரண்டிக்கு ருமேனிய மொழியில் என்ன என்று யோசித்தேன். வரவில்லை. கரண்டி, மச்சான்! கருந்துளைக்குச் சொல் வருகிறது, கரண்டிக்கு வரவில்லை. கஞ்சி மேசையில் கொட்டியது. இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது 'லிங்குர' என்று தானாக வந்தது. அதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். அன்றிலிருந்து படியேறும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கண்ணில் பட்டதுக்கெல்லாம் மூன்று மொழியில் பெயர் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். சாந்தி பார்த்தால் சுவாமிப் பாட்டு முணுமுணுக்கிறேன் என்று சொல்வேன்.

வேலையிடத்தில் இலீனா என்று ஒரு ருமேனியப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவளோடு கதைத்தால் மொழி நிற்கும் என்று நினைத்தேன். கடைக்குப் போவதைக்கூட வேற்றுக் கிரகத்தில் இறங்குகிற மாதிரிச் சொல்கிறேன் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் எனக்காக அந்த ஐந்தாம் பாகத்தின் புதுப் பதிப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். பளபளவென்று, ஓரமெல்லாம் ஒழுங்காக வெட்டிய புத்தகம். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் அதிகாரத்தில் ஓட்டி செத்துப்போகிறான்.

நான் திரும்ப வாசித்தேன். பெயர் சரி, கப்பல் சரி. ஆனால் அவன் சாகிறான். வரைபடம் அழியவே இல்லை. கப்பல் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை, ஒரு பனிக் கிரகத்தில் விழுந்து கிடக்கிறது. பதினொரு ஞாயிறு நீ சொன்னதாக எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரு சம்பவம்கூட அதில் இல்லை. ஏரியில் வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. நடக்காததை நடந்ததாகச் சத்தியம் பண்ணுகிறவர்களை நான் தினமும் உடுப்பு மாற்றிப் படுக்க வைக்கிறேன். நானும் அங்கே வந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாந்திக்குச் சொல்லவில்லை. தனியாக டொக்டரிடம் போனேன். தாளில் மணிக்கூடு கீறச் சொன்னார், கீறினேன். மூன்று சொல் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். இரண்டுதான் வந்தது. ஞாபகக் கிளினிக்குக்கு அனுப்புகிறேன் என்றார். கடிதம் வந்த அன்று, சாந்தி வேலையால் வருமுன் அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்தேன். இந்த நிலையில் உனக்கு மலரில் என்ன எழுதுவேன்?

திவசம் முடிந்து உன் வீட்டுக்குப் போனோம். கலா என்னைத் தனியே கூப்பிட்டு மூன்று பெட்டியைக் காட்டினாள். "அண்ணை, இதுகள் உங்களுக்குத்தான். எனக்கு இதில ஒரு எழுத்தும் தெரியாது." மேலே இருந்ததே ஐந்தாம் பாகம். பழைய பதிப்பு. ஒரு துளி தண்ணீர் படவில்லை.

முதல் சில தாள் மட்டும் வெட்டியிருந்தது. கத்தி கோணலாக ஓடி எழுத்துக்குள் கிழித்திருந்தது. வெட்டிய பக்கத்தில் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாய். கதவு. தண்ணீர். கை. நான். எத்தனையோ வருஷம் அந்த மொழியிலேயே கனவு கண்ட என் மச்சான், 'கதவு' என்று எழுதிவைத்துப் பார்த்திருக்கிறான். மிச்சத் தாள் எல்லாம் ஒட்டியபடியே இருந்தது.

நான் கலாவைப் பார்த்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள்.

"அவருக்குக் கடைசி ரெண்டு வருஷமா வாசிக்க ஏலாமப் போட்டுது அண்ணை. மறதி நோயெண்டு கிளினிக்கில உறுதியாச் சொல்லிப்போட்டினம். முதல் அந்தப் பாஷை போச்சு. பிறகு மற்றதுகளும் கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். 'குகனுக்குத் தெரிஞ்சா அவன் ஞாயிற்றுக்கிழமையில என்னை நோயாளியாத்தான் கேப்பான்' எண்டு சொன்னவர்."

"அப்ப அந்தக் கதை?"

"என்ன கதையெண்டு எனக்குத் தெரியாது. ஆனா அஞ்சு மணிக்கு முதல் வேர்த்துக் கொட்டும். போனை வைச்சாப் பிறகு சிரிச்சுக்கொண்டு வருவார்."

மச்சான், ஒவ்வொரு ஞாயிறும் நீ முதலில் கேட்கிற கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. "போன கிழமை எதில விட்டனான், சொல்லு பாப்பம்?" நீ என்னைச் சோதிக்கிறாய் என்று நினைத்து நான் ஒன்றும் விடாமல் ஒப்புவிப்பேன். நான் சொல்லி முடித்த இடத்தில் இருந்து நீ தொடங்குவாய். வரைபடம் இல்லாத ஓட்டி நீதானே? உன் பயத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் கதை கேட்டேன். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? நோயாளியாகக் கேட்டால்தான் என்ன, கேட்டிருக்கமாட்டேனா? கோபம் வருகிறது. உன்னோடு சண்டை பிடிக்க ஆளில்லையே என்று இன்னும் கூடக் கோபம் வருகிறது.

நான் பிழையாக நினைவு வைத்திருக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு கணம் மூச்சு வந்தது. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷப்பட்டேன். அடுத்த கணமே டொக்டரிடம் எனக்கு வராமல் போன அந்த மூன்றாவது சொல்லை நினைத்தேன். அது ஏன் வரவில்லை? பதற்றமா, மற்றதா? எனக்குத் தெரியாது. பயம் போகவில்லை, மச்சான். நீ எவ்வளவு தனியாகப் பயந்திருக்கிறாய் என்பது மட்டும் தெரிந்தது.

வீடு திரும்பும் வழியில், பெரிய பாலம் தாண்டியதும், காரை நிறுத்திச் சாந்தியிடம் சொன்னேன். கரண்டி, புத்தகம், சப்பாத்துப் பெட்டி, எல்லாம். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அண்ணனும் நீங்களும் ஒரே அச்சு. வருத்தத்தையும் பொம்பிளையளுக்கு ஒளிச்சு வைச்சுத்தான் வாசிப்பியள்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இப்போது ஞாயிறு ஐந்து மணிக்கு நீ கட்டிய ஐந்தாம் பாகத்தைச் சாந்திக்குச் சொல்கிறேன். அச்சடித்ததை அல்ல, உன்னுடையதை. போன ஞாயிறு அவள் தேத்தண்ணியோடு வந்து இருந்தாள். எந்த இடம் என்று எனக்கு உண்மையாகவே பிடிபடவில்லை. வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது: "போன கிழமை எதில விட்டனான்?"

சாந்தி கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயத்தைக் கண்டேன். அவளும் என்னுடையதைக் கண்டிருப்பாள். "வரைபடம் அழிஞ்சு போச்சு. அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். நான் அங்கிருந்து தொடங்கினேன்.

வருகிற செவ்வாய் கிளினிக். சாந்தி கூட வருகிறாள், மதுரா தான் இருக்கிற ஓகூஸில் இருந்து நேரே வருகிறாள். கிளினிக்கில் என்ன சொன்னாலும் அன்றே எல்லாருக்கும் சொல்வேன். உன் கதையைக் கலாவுக்கும் சொல்வேன், உனக்கு ஏன் வேர்த்தது என்று அவளுக்குத் தெரியவேண்டும். உன் புத்தகத்தின் மிச்சத் தாள்களை வெட்டமாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு, மச்சான்: வழி தெரியாமல் போகிற நாளில், எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்லியே கேட்பேன்.

உன் தங்கையின் கணவன், பதினொரு ஞாயிறும் உனக்கு வழி சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்ன உன் மச்சான்,
குகன்
சில்க்போர்க்