அரைவேக்காடு கேட்ட கேள்விகள்

மார்ச் 3

அன்பு ஏணிக்கு,

பொடி எழுதுகிறேன். நம் இணைய மன்றத்தின் மாடரேட்டர் அறையில் காலையிலிருந்து நாம் பலமுறை பேசியாயிற்று. ஆனால் அங்கே இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள். "சரி", "பார்க்கிறேன்", "மூடியாச்சு" என்பதற்கு மேல் வாயைத் திறக்க முடிகிறதா? அதனால்தான் கடிதம். வழக்கம்போல் இரண்டு வரியில் பதில் போட்டாயானால் அடுத்த கடிதம் உன் வீட்டுக்காரருக்குப் போகும்.

இங்கே எல்லாரும் நலம். என் பல் டாக்டர் ஊரார் வாயையெல்லாம் பார்த்துவிட்டு வந்து வீட்டில் வாயே திறப்பதில்லை. என் மேஜை இன்னும் வாஷிங் மெஷின் பக்கத்தில்தான். அது சுற்றினால் என் திரையும் ஆடும்.

அந்த ஆட்டத்திலேயே ஒரு வேலை செய்தேன். நாம் கல்லூரி முடித்த கையோடு மன்றத்தைத் தொடங்கியபோது பெரிய திட்டமெல்லாம் இல்லை. கோட் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ள ஓரிடம், அவ்வளவுதான். இப்போது புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கேள்வியோடு போய்விடுகிறார்கள். ஏன் என்று அந்தக் கேள்விகளைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று, இனி யாரும் பதில் எழுத முடியாதபடி நாம் மூடியவை. வங்கியில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், நம் மன்றத்தில் கறார் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாரே, அவர் மூடியவை அதிகம்.

இரண்டு மாற்றங்கள் கொண்டுவரப் போகிறேன். ஒன்று, புதியவரின் முதல் கேள்வியை மூடுவதென்றால், அவருக்கென்று சொந்தமாக ஒரு வாக்கியமாவது எழுதிவிட்டுத்தான் மூட வேண்டும். இரண்டு, ஒருவருக்கு ஒரு பெயர். சிலர் மூன்று அக்கவுண்ட் வைத்துக்கொண்டு தங்கள் பதிலுக்குத் தாங்களே ஓட்டுப் போட்டுப் புள்ளி சேர்க்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கறார் ஒரு கருவி எழுதியிருக்கிறார். பட்டியலை எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவோம்.

புதியவர்களை வரவேற்கும் பொறுப்புக்கு அரைவேக்காடு என்பவரைக் கேட்கலாமென்று இருக்கிறேன். அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவே ஒரு தைரியம் வேண்டும். ஆணா பெண்ணா தெரியாது. இரண்டு வருஷமாக எத்தனை திட்டு வாங்கினாலும் திரும்ப வந்து கேட்கிற ஒரே ஆள். போன வாரம் கறார், "இதுகூடத் தெரியாமல் எப்படி வேலையில் இருக்கிறீர்கள்?" என்று எழுதினார். "அதைத்தான் ஐயா நானும் யோசிக்கிறேன்" என்று பதில் வந்தது. நான் என் பங்குக்கு, ஏணி என்பவர் எழுதிய பதில்களை ஒரு மாதம் உட்கார்ந்து படியுங்கள், தெளிந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். உனக்குப் பெருமையாக இருக்குமே.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
பொடி

மார்ச் 9

பிரியமுள்ள பொடி,

மூன்றாவது வரிக்கு வந்துவிட்டேனா என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

அலுவலகத்தில் எனக்குக் கண்ணாடி அறை கொடுத்திருக்கிறார்கள். நான் கொட்டாவி விட்டால் குழுவே பார்க்கும். ஏழு பேரும் என் வயதில் பாதி. ஏழு பேரும் மன்றத்தில் இருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் மேலாளர் சில சமயம் என் புள்ளிகளைப் பெரிய திரையில் காட்டி, "நம்ம மேடம்" என்கிறார். அப்போது தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பேன்.

உன் முதல் மாற்றம் நல்லது. இரண்டாவது வேண்டாம். எல்லாரும் கள்ள ஓட்டுக்காகவே இன்னொரு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். வேறு காரணம் இருக்கலாம். பட்டியல் போடுவது ஊர் நடுவில் நிறுத்தி வைப்பது மாதிரி.

அரைவேக்காட்டுக்கும் பொறுப்பெல்லாம் கொடுக்காதே. அவருக்கு நேரம் இருக்காது.

வீட்டில் எல்லாரும் சுகம். உன் டாக்டரைக் கேட்டதாகச் சொல்.

ஏணி

மார்ச் 14

அன்புள்ள ஏணி,

எட்டுக்கு இரண்டு. மாற்றங்கள் நிறைவேறிவிட்டன. எதிர்த்தவர்களில் ஒருத்தி நீ. எதிர்த்தால் எதிர்த்துக்கொள், ஆனால் நீ சொன்ன காரணம் உன் காரணம் மாதிரியே இல்லை. கல்லூரி ஹாஸ்டலில் பொதுச் சோப்பை யார் எடுத்தது என்று சுவரில் எழுதி ஒட்டியவள் நீதானே?

வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு கறார் கருவியை ஓட்டுகிறார். எந்தெந்தப் பெயர்கள் ஒரே ஆளுடையவை என்று அன்று மாலையே போட்டுவிடுவார். மனிதர் கல்யாண வேலை மாதிரி ஓடியாடிச் செய்கிறார்.

அரைவேக்காடு மறுத்துவிட்டார். "என்னையே யாரும் வா என்று சொல்லவில்லை, நான் யாரை வரவேற்பது?" என்று எழுதியிருக்கிறார். சிரித்தேன், பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அவருக்கு நேரம் இருக்காது என்று நீ எப்படிச் சொன்னாய்? தெரிந்தவரா?

உன்,
பொடி

மார்ச் 16

பொடி,

அரைவேக்காடு நான்தான். இதை முதல் வரியில் எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேனே, அந்த ஐந்து வருஷத்தில் நான் கற்றதில் பாதி செல்லாமல் போய்விட்டது. திரும்பி வந்தபோது என் பழைய பதில்களையும் புள்ளிகளையும் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். முதல் வாரம் குழு பேசியதில் பாதி புரியவில்லை. தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையைப் பார்த்து அடுத்ததற்குப் போனார்கள்.

ஒரு தடவை என் பெயரிலேயே கேட்டேன். உனக்கு நினைவிருக்காது. உடனே ஒருவர், "ஏணி மேடம், உங்க அக்கவுண்ட்டை யாராவது திருடிட்டாங்களா?" என்று எழுதினார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. அதில் உன்னுடையதும் ஒன்று. சும்மா சோதித்துப் பார்த்தேன் என்று எழுதிவிட்டு அழித்தேன். அன்றைக்குத்தான் அரைவேக்காடு பிறந்தார்.

அந்தப் பெயரில் ஒரு ஓட்டும் போட்டதில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டேன். அங்கே கிடைத்த விடையை மறுநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து குழுவுக்குச் சொன்னேன். அப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியது.

அடுத்த மாதம் ஒரு பெரிய வேலைக்குத் தலைமை யார் என்று மேலாளர் முடிவு செய்கிறார். என் பெயர் இருக்கிறது. பட்டியல் வந்தால் குழு பார்க்கும், அவரும் பார்ப்பார். நீ அட்மின். ஞாயிற்றுக்கு முன்னால் அந்த அக்கவுண்ட்டைக் கேள்விகளோடு சேர்த்து அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பேன்?

ஏணி

மார்ச் 19

அன்பு ஏணி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். காய்ந்த துணிக்குமேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

என்னைக் கேட்டிருக்கலாமே என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்தச் சிரிப்புப் பொம்மை நினைவுக்கு வந்ததும் அடித்துவிட்டேன். நீ என்னைத்தான் கேட்டாய். நான் சிரித்தேன்.

பிறகு உன் கேள்விகளையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். நாலு கேள்விகளை மூடியது நான். கறாரைப் பற்றி உனக்கு எழுதினேனே, அவர் மூடியவை அதிகம் என்று. உன் விஷயத்தில் அதிகம் என்னுடையவை.

அழிக்க மாட்டேன், ஏணி. நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். உன் கேள்விகளுக்குக் கீழே இருக்கிற விடைகளை இன்றைக்கும் யார் யாரோ வந்து படிக்கிறார்கள். அவற்றை அழிக்க எனக்கு உரிமையில்லை. உனக்காக மட்டும் ஒரு பொத்தானை அழுத்தினால் அப்புறம் அந்த நாற்காலியில் நான் உட்காரவும் முடியாது.

ஆனால் பட்டியல் போடுவது தப்பு. அதை நீ முதலிலேயே சொன்னாய், நான் சோப்புக் கதை சொன்னேன். நேற்று மாடரேட்டர் அறையில் கேட்டேன்: எல்லாருக்கும் ஒரு மாதம் அவகாசம் கொடுப்போம். இன்னொரு பெயர் இருக்கிறவர்கள் தாங்களே வந்து அதை மூடிக்கொள்ளட்டும். கேள்விகள் பெயரில்லாமல் நிற்கும். அல்லது சொந்தப் பெயரோடு சேர்த்துக்கொள்ளட்டும். கள்ள ஓட்டுப் போட்டவர்கள்மீது மட்டும் நடவடிக்கை. பட்டியல் கிடையாது.

கறார் விடவில்லை. "திடீர்னு யாருக்காக இது?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

"தெரிஞ்ச ஒருத்தர்னு சொல்றதெல்லாம் தன்னைப் பத்தித்தான். அப்ப அரைவேக்காடு நீங்கதானா? நீங்கதானே அவருக்குப் பதவி குடுக்கக் குதிச்சீங்க?"

நான் பேசாமல் இருந்தேன். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. நீ ஓட்டே போடவில்லை, கவனித்தேன். இந்த வேலை முடியும்வரை அட்மின் சாவி கறாரிடம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கொடுத்துவிட்டேன். கேள்விகளை மூடித் திறக்கிற வேலை மட்டும் என்னிடம் இருக்கிறது. என்னை இப்போது அரைவேக்காட்டு அக்கா என்கிறார்கள். கேட்கக் கேட்கப் பழகிவிடும் போலிருக்கிறது.

மூடிக்கொள்வதா, சேர்த்துக்கொள்வதா என்று நான் சொல்லப்போவதில்லை. எதைச் செய்தாலும் எனக்கு எழுது.

பொடி

ஏப்ரல் 2

அன்பு ஏணி,

பதில் இல்லை. அறையிலும் உன்னைக் காணோம். உன் வீட்டுக்காரருக்கு எழுதுவேன் என்றது விளையாட்டுக்கு. எழுத மாட்டேன். சாப்பிடு, தூங்கு. அவகாசம் பதினெட்டு வரை இருக்கிறது.

பொடி

ஏப்ரல் 16

பிரியமுள்ள பொடி,

உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஒரு பொத்தான் அழுத்த இவளுக்கு இவ்வளவு நியாயமா என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "அவங்க உன் பேரைச் சொல்லலையே, தன் பேரை இல்ல குடுத்திருக்காங்க" என்றார். அதற்கப்புறம் கோபம் சரியாக நிற்கவில்லை.

திங்கட்கிழமை சேர்த்துவிட்டேன். மூடிக்கொண்டால் உன்னை அரைவேக்காட்டு அக்கா என்று கடைசிவரை கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை நான்தான் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தேன், உனக்குத் தர இஷ்டமில்லை. இப்போது எல்லாக் கேள்விகளும் என் பெயரில் நிற்கின்றன.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி அறைக்கு வெளியே ஏழு தலைகளும் குனிந்தே இருந்தன. மேலாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இதெல்லாம் நீங்களா கேட்டீங்க?"

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"உங்களுக்கும் தெரியாதுன்னு தெரியும் சார்."

பெரிய வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இதனால்தானா என்று நான் கேட்கவில்லை. இதனால்தான். குழு என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் அதில் ஒரு பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று மாதமாகத் தனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டாள். எனக்கும் அது முழுதாகப் புரியவில்லை. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

கறார் தனியாக எழுதினார். 'எப்படி வேலையில் இருக்கிறீர்கள்' என்ற வரியை அவர் அழிக்கவில்லை. அதற்குக் கீழே, தான் எழுதியது தப்பு என்று எழுதி வைத்திருக்கிறார். பார்த்தாயா? உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லையாம். மன்றத்தில் கேளுங்கள், யாராவது ஏற்கெனவே கேட்டாயிற்று என்று மூடிவிடுவார்கள் என்றேன். சாவியைத் திருப்பித் தந்துவிடுவார்.

ஒரு காரியம் செய். நீ மூடிய நாலில் மூன்று சரிதான், ஏற்கெனவே கேட்டவைதான். நான்காவது அப்படியில்லை. நெட் இல்லாத இடத்தில் இரண்டு பேர் தங்கள் போனில் ஒரே பதிவைத் திருத்துகிறார்கள். பிறகு இரண்டு போனுக்கும் நெட் வருகிறது. யார் எழுதியதை வைத்துக்கொள்வது, மற்றவர் எழுதியது காணாமல் போகாமல்? நீ காட்டிய பழைய கேள்வி எந்நேரமும் நெட்டில் இருந்தபடி ஒரே சர்வரில் திருத்துகிறவர்களைப் பற்றியது. இது வேறு. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. வேலைக்கும் வேண்டும். திறந்துவிடு.

உன்,
ஏணி

ஏப்ரல் 17

அன்பு ஏணி,

காலையில் முதல் வேலையாகத் திறந்துவிட்டேன். மூடியது என் தவறு என்றும் எழுதியிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் விடை தெரியவில்லை. அதையும் உன் கேள்விக்குக் கீழே, என் பெயரிலேயே எழுதிவிட்டேன்.

பொடி